24 அடி பைபர் படகுக்கு எவ்வளவு பேட்டரி வேணும் அண்ணாச்சி?

உவரிக்கரை
மீன்பிடிக்கு ஓடிய பைபர் படகு ஒன்றை வாங்கி, குடும்பத்தோடு கடலுக்குப் போய்வர மாற்றிக்கொண்டிருக்கிறேன். கூரை போட்டாச்சு, அதில் 200 வாட் சோலார் தகடு வைக்க இடம் உண்டு. 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு, செல்ஃப் ஸ்டார்ட். உவரியில் இறக்கி மணப்பாடு பக்கம் போய், ஒரு ராத்திரி படகிலேயே தங்கி மறுநாள் திரும்புவதுதான் எண்ணம். எல்.இ.டி விளக்கு, ஃபேன், ஜிபிஎஸ், வயர்லெஸ், போன் சார்ஜ், அப்புறம் அம்மா இன்சுலின் போடுகிறார்கள், அதனால் சின்ன பிரிட்ஜ் ஒன்று கட்டாயம் வேண்டும். கடையில் 150 ஆம்பியர் அவர் டியூபுலர் பேட்டரியும் வீட்டு இன்வெர்ட்டரும் போதும் என்கிறார்கள். வீட்டு வயரிங்கில் மீந்த ஒரு காயில் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரும் கிடக்கிறது. இதை வைத்தே முடித்துவிடலாமா?

பாளை எலக்ட்ரீஷியன்
தம்பி, பேட்டரி வாங்குவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, 24 மணி நேரத்தில் எது எத்தனை வாட், எத்தனை மணி நேரம் ஓடும் என்று எழுதுங்கள். 12 வோல்ட் பிரிட்ஜ் 45 வாட், நம்ம ஊர் வெக்கையில் மோட்டார் பாதி நேரம் ஓடும் என்று வைத்தாலே 540 வாட் அவர். ஃபேன் 15 வாட், 10 மணி நேரம், அது 150. விளக்குக்கு 100, ஜிபிஎஸ்ஸுக்கு 80, வயர்லெஸ் சும்மா கேட்டுக்கொண்டிருக்க 60, போன்களுக்கு 60. கூட்டினால் 990, அதாவது 12 வோல்ட்டில் 83 ஆம்பியர் அவர். இதில் பாதிக்கு மேல் அந்த பிரிட்ஜ்தான், பார்த்தீர்களா.

டியூபுலரும் லெட் ஆசிட் வகைதான், அதைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறைந்துவிடும், அப்படியென்றால் 150-இல் 75தான் உங்களுக்கு. பற்றாது. அதுபோக டியூபுலர் 50 கிலோவுக்கு மேல் கனம், அலையில் சாய்ந்தால் ஆசிட் தளும்பும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வேறு வரும். 100 ஆம்பியர் அவர் லித்தியம் பெரோ பாஸ்பேட் பேட்டரி என்றால் 80 சதவீதம் எடுத்தாலும் 1,024 வாட் அவர் கிடைக்கும், எடையும் 12 கிலோ அளவுதான். 200 வாட் தகடு நல்ல வெயிலில் நாளுக்கு 600 தரும் என்று குறைத்தே கணக்குப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதுவும் வராது.

இன்வெர்ட்டர் வேண்டவே வேண்டாம். எல்லாவற்றையும் 12 வோல்ட்டிலேயே வாங்கிவிடலாம், உப்புத்தண்ணிக்கு நடுவே 230 வோல்ட் எதற்கு?

கூத்தங்குழி வள்ளம்
அந்தக் காயிலைத் தொடாதீர்கள் தம்பி. நான் அப்படித்தான் செய்தேன். ஒரு வருஷம் கழித்து விளக்கு மங்குகிறதே என்று நுனியை உரித்தால் செம்பு கறுத்து, விரலில் பச்சைப் பொடி ஒட்டுகிறது. இன்னும் ஒரு சாண் உரித்தேன், அங்கேயும் அதே பச்சை. ஈயம் பூசிய பல இழைச் செம்பு வயர்தான் கடலுக்கு நிற்கும்.

பருமனும் முக்கியம். படகுக்குள் சேரும் தண்ணியை வெளியே இறைக்கிற பம்ப் 10 ஆம்பியர் இழுக்கும், பேட்டரியிலிருந்து 6 மீட்டர், போக வர 12 மீட்டர் என்றால் உங்கள் 1.5 வயரில் 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.35தான் போகும். பம்பை மெயின் சுவிட்சில் மாட்டாமல் பேட்டரியிலிருந்தே தனி ஃபியூஸோடு, மிதவை சுவிட்ச் வைத்துக் கொடுங்கள். ஆள் இல்லாதபோதும் அது ஓடியாக வேண்டும்.

ஃபியூஸ் எல்லாம் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். எனக்கு வேலை பார்த்தவர் சுவிட்ச் பக்கத்தில் வைத்தால் போதும் என்றார், நானும் விட்டுவிட்டேன். தடுப்புப் பலகை ஓட்டையில் வயர் உரசி உரசித் தோல் போய், கரையிலிருந்து ரொம்ப தூரத்தில் புகை வந்தது. கொறடால் வெட்டித்தான் நிறுத்தினேன். பிள்ளைகள் இரண்டு பேரும் அன்றைக்குப் படகில் இருந்தார்கள்.

உவரிக்கரை
ரொம்ப நன்றி அண்ணாச்சி. காயில் வீட்டுக்கே போகட்டும். லித்தியத்தை இன்ஜினிலிருந்தே நேராகச் சார்ஜ் செய்யலாமா?

பாளை எலக்ட்ரீஷியன்
நேராகக் கொடுக்காதீர்கள். லித்தியம் நிறைந்ததும் உள்ளே இருக்கிற காவல் சர்க்யூட் சட்டென்று துண்டித்தால், இன்ஜினில் ஏசியை டிசியாக மாற்றுகிற ரெக்டிஃபையர் அடிபடும். இன்ஜினை ஸ்டார்ட் பண்ண தனியாகச் சின்ன லெட் ஆசிட் ஒன்று வையுங்கள், அதிலிருந்து டிசி டூ டிசி சார்ஜர் வழியாக லித்தியத்துக்கு ஏற்றுங்கள். ராத்திரி முழுக்க ஃபேன் ஓடினாலும் காலையில் இன்ஜின் எழும்பும். அந்த அளவு அவுட்போர்டில் ஓட்டத்தில் கிடைப்பதே 6 முதல் 12 ஆம்பியர்தான், சும்மா நிற்கும்போது அதுவும் இராது. அதனால் சோலாரைத்தான் நம்பணும்.

கூத்தங்குழி வள்ளம்
ஒன்று விட்டுப்போச்சு. பிரிட்ஜ் நின்றுபோனாலும் இருக்கட்டும் என்று ஐஸ் பெட்டி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் இன்சுலின் ஐஸில் நேரே படாமல் துணியில் சுற்றி வைக்கணும், உறைந்துவிட்டால் மருந்து வீண். ஆனி, ஆடிக் கச்சான் காற்றில் அம்மாவை ராத்தங்கலுக்குக் கூட்டிப்போக வேண்டாம். முதல் ராத்திரி கரையோரம் நங்கூரம் போட்டு, எல்லாவற்றையும் ஓடவிட்டு, விடியற்காலை வோல்ட் எவ்வளவு என்று இங்கே எழுதுங்கள், பார்ப்போம்.