மருத்துவம், மகப்பேறு, உரிமைத் தொகை: எம்எல்ஏ, எம்பி வந்து விவரம் சொன்ன கூட்டங்களில் நீங்கள் பார்த்தது

பழனிமலைத் தூறல்:

அக்டோபர் 2 கிராம சபைக்கு எங்கள் எம்எல்ஏ வந்தார். தொகுதியில் எத்தனை பேருக்குக் காப்பீட்டு அட்டை, எத்தனை பேருக்கு மகப்பேறு நிதி, எத்தனை பள்ளியில் காலை உணவு என்று அச்சடித்த நோட்டீஸ் எல்லார் கைக்கும் வந்தது. அவரே எழுந்து வாசித்தார். நன்றாகத்தான் பேசினார்.

மகளிர் உரிமைத் தொகை என்ற இடம் வந்ததும் எங்கள் தெரு அத்தை ஒருவர் எழுந்து, "எனக்கு வரலைங்கய்யா" என்று ஒரு தாளை நீட்டினார். இ-சேவை மையத்தில் எடுத்துக் கொடுத்த தாள். எம்எல்ஏ அதை வாங்கி மைக்கிலேயே படித்தார். குடும்பத்தில் நான்கு சக்கர வாகனம் இருப்பதால் நிராகரிப்பு என்று இருந்தது. "ஏம்மா, வீட்ல கார் இருக்கா?" என்று கேட்டார். அத்தை வாயைத் திறக்கவில்லை. பின்னாலிருந்து யாரோ, "அது பெரிய பையன் காருங்க. அவன் தனியாப் போயி வருசமாச்சு, ஆத்தாள எட்டிக்கூடப் பாக்குறதில்ல" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார்.

மகன் போனதை அத்தை யாரிடமும் சொன்னதே இல்லை. தீபாவளிக்கு வரவில்லையா என்று கேட்டால், கம்பெனியில் லீவு தரவில்லை என்பார். ரேஷன் கார்டில் அவன் பெயர் இன்னும் இருக்கிறது. அதனால்தான் அவன் கார் இவர் கணக்கில் ஏறியது. மைக் செட் சத்தம் ஊர் எல்லை வரை கேட்கும். அத்தை உட்காரவும் இல்லை, போகவும் இல்லை, அப்படியே நின்றார். எம்எல்ஏ கெட்ட எண்ணத்தில் படித்தார் என்று நான் சொல்லவில்லை. வாங்கி உதவியாளர் கையில் கொடுத்திருக்கலாம், இல்லை மேடைக்குப் பக்கத்தில் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. உங்கள் ஊரில் என்ன நடந்தது, எழுதுங்கள்.


ரெண்டு பிள்ளை அம்மா:

எங்களுக்கும் வினை மைக்கால்தான் வந்தது. சமுதாய வளைகாப்பு. நான் அப்போது ஏழு மாதம். சந்தனம், குங்குமம், கண்ணாடி வளையல், கலவை சாதம் எல்லாம் தெரிந்ததுதானே. எங்கள் எம்எல்ஏ ஒரு பெண். ஒவ்வொருவருக்கும் அவரே வளையல் போட்டுவிட்டார். அப்புறம் அரசு என்னென்ன செய்கிறது என்று விளக்கமாகப் பேசினார். "முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதித் திட்டத்துல இங்க உக்காந்திருக்கிற உங்க எல்லாருக்கும் 18,000 ரூபாய் உண்டு, யாரும் கவலைப்பட வேண்டாம்" என்றார்.

என் பக்கத்து நாற்காலிப் பெண்ணுக்கு மூன்றாவது பிரசவம். அவள் சட்டென்று திரும்பி அங்கன்வாடி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் குனிந்து தாம்பாளத்தில் வெற்றிலையை அடுக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்குத் தெரியும், முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான் பணம் என்று. மேடையில் இருப்பவரைத் திருத்த முடியுமா? சாப்பிடும்போது அந்தப் பெண் என்னிடம், பணம் வந்தால் அடகில் இருக்கிற தோட்டைத் திருப்பிவிடுவேன் என்று சந்தோஷமாகச் சொன்னாள். இலையில் சாதம் அப்படியே இருக்க, கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.


ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்:

மேலே எழுதிய இரண்டு பேருக்கும் வணக்கம். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம நர்ஸாக வேலை பார்த்தவள். எங்கள் வட்டாரத்தில் எம்எல்ஏ ஆய்வுக் கூட்டம் நடத்தும்போது என்னை எழுப்பிவிட்டு, "உங்க துணை சுகாதார நிலையத்துல ஏன் இத்தனை பேருக்கு மகப்பேறு நிதி முதல் தவணையே போகல?" என்று கேட்டார். வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காமல் இருந்ததுதான் காரணம், ஆனால் அதைச் சொல்வதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்றைக்கு எல்லார் முன்னாலும் நின்ற நிற்பு இன்னும் மறக்கவில்லை.

வளைகாப்பு அம்மா, டீச்சரைக் குறை சொல்லாதீர்கள். மேடையில் சொன்னதை டீச்சர் அங்கேயே மறுத்தால் அவர் வேலைக்குத்தான் ஆபத்து. இதைப் படிக்கிற கர்ப்பிணிகளுக்காக விவரமாக எழுதுகிறேன். நாள் தள்ளிப்போனதும் நர்ஸிடம் போய் 12 வாரத்துக்குள் பதிவு செய்து பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான பதிவு எண்) வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கும் அலைய வேண்டும். 18,000 என்பது முழுவதும் ரொக்கம் இல்லை. ரொக்கம் 14,000, மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். ரொக்கமும் ஒரே தடவையில் வராது. நான்காம் மாதம் 6,000, குழந்தை பிறந்து நான்காம் மாதம் 6,000, ஒன்பதாம் மாதம் 2,000. அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்த்திருக்க வேண்டும், குழந்தைக்குத் தடுப்பூசி விட்டுப்போகக் கூடாது. இதில் ஒரு பகுதி மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்தில் இருந்து வருவதால் ஆதார் இணைத்த கணக்கு கட்டாயம். வீட்டுக்காரர் கணக்கு செல்லாது, உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அம்மா வீட்டில் பிரசவம் என்றால் இரண்டு ஊர் நர்ஸிடமும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் விட்டுப்போகும்.

முதலில் எழுதிய தங்கைக்கு: உங்கள் அத்தை விஷயம் மிக எளிது. இ-சேவையில் உறுப்பினர் நீக்கத்துக்கு எழுதிக்கொடுத்து மகன் பெயரை எடுத்துவிடுங்கள். வட்ட வழங்கல் அலுவலகத்தில் முடிந்துவிடும். நிராகரித்ததாகக் குறுஞ்செய்தி வந்த 30 நாளுக்குள் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய இடம் உண்டு. அந்த நாள் தாண்டியிருந்தால் அடுத்து விண்ணப்பம் வாங்கும்போது புதிதாகவே போடலாம்.


பழனிமலைத் தூறல்:

நர்ஸம்மா, உங்கள் அக்கறைக்கு நன்றி. அத்தைக்கு இதெல்லாம் தெரியும். இ-சேவையில் அவரிடமும் இதையேதான் சொன்னார்கள். அவர் மகன் பெயரை எடுக்க மாட்டார். எடுத்துவிட்டால் அவன் இந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்ல ஒரு காகிதமும் இருக்காது என்று அழுதார். மாதம் 1,000 ரூபாய் அவருக்குப் பெரிய பணம், மாத்திரைச் செலவுக்கே ஆகும். அப்படியிருந்தும் வேண்டாம் என்கிறார். சட்டத்தில் குடும்பம் என்றால் ரேஷன் கார்டு. ஊரில் எத்தனையோ வீட்டில் கார்டு ஒன்றாகவும் அடுப்பு தனித்தனியாகவும் இருக்கிறது. விதியை எழுதுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும், அதை எம்எல்ஏதான் சட்டமன்றத்தில் சொல்ல வேண்டும். நான் எதிர்பார்த்தது அதைத்தான்.


வடக்கு மாசி வீதி:

எங்களுடையது எம்பி. ஆண்டறிக்கை என்று ஒரு புத்தகம் வீட்டுக்கு வந்தது. நல்ல தாள், வண்ணப் படங்கள். தோப்பூர் எய்ம்ஸ் பற்றி நாடாளுமன்றத்தில் பேசியது, ரயில்வே கோரிக்கைகள், அப்புறம் மருத்துவ உதவி.

அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை. தனியார் மருத்துவமனை கொடுத்த மதிப்பீட்டுத் தாளை எடுத்துக்கொண்டு எம்பி அலுவலகம் போனேன். பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு அன்றைக்கே பரிந்துரைக் கடிதம் அடித்துக் கொடுத்தார்கள். ஒரு பைசா கேட்கவில்லை, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அந்த மரியாதையை மறக்க மாட்டேன். ஆனால் டெல்லியில் இருந்து அனுமதி வருவதற்குள் அப்பா இறந்துவிட்டார். அந்தப் பணம் மருத்துவமனைக்குத்தான் நேராகப் போகும், குடும்பத்துக்கு வராது. சிகிச்சையே நடக்காதபோது அது யாருக்கும் பயன்படவில்லை.

புத்தகத்தில் "நிவாரண நிதிக்குப் பரிந்துரைத்து உதவி பெற்றுத் தந்த நோயாளிகள்" என்று ஓர் எண் போட்டிருந்தார்கள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "இதுல அப்பாவும் உண்டாடா?" என்று கேட்டார். உண்டா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? உண்டும்மா என்றேன். அம்மா அந்தப் புத்தகத்தைப் பீரோவில் வைத்திருக்கிறார்.


ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்:

தம்பி, மனது கஷ்டமாக இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததா? வருமான வரம்பு முன்பு 72,000, இப்போது ஆண்டுக்கு 1,20,000. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. நோயாளியை மருத்துவமனையில் சேர்க்கும்போதே அட்டையைக் காட்டினால்தான் காப்பீட்டுக்கு முன் அனுமதி கேட்பார்கள். அட்டை இல்லாத குடும்பம் இப்போதே விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீஸ் மையத்தில் போய்ப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நோய் வந்த பிறகு ஓட வேண்டாம்.


வடக்கு மாசி வீதி:

அட்டை இருந்ததம்மா. அதில் ஒதுக்கிய தொகையும் அந்த மருத்துவமனை கேட்ட தொகையும் ஒன்றாக இல்லை. மீதிக்குத்தான் எம்பியிடம் போனேன்.


நூல்கண்டு (திருப்பூர்):

சின்னதாகச் சொல்லிவிட்டுப் போகிறேன், ஷிப்ட் இருக்கிறது. எங்கள் பகுதியில் பெண் தொழிலாளர் சந்திப்பு என்று வைத்தார்கள். 26 வாரம் பேறுகால விடுப்பு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம், எல்லாம் 2017 பேறுகாலப் பயன் திருத்தச் சட்டத்திலேயே வந்துவிட்டது என்று எம்பி சொன்னார். உண்மைதான். செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிற அக்கா எழுந்து, "எங்க கம்பெனியில 50 பேருக்கு மேல இருக்கோம். ஆனா பாதிப்பேர் கான்ட்ராக்ட் ஆளுங்க பேர்ல இருக்கோம். நாங்க எந்தக் கணக்குல வருவோம்?" என்று கேட்டார். எம்பி உதவியாளரைப் பார்த்தார், உதவியாளர் தொழிலாளர் துறை அதிகாரியைப் பார்த்தார், அதிகாரி குறித்துக்கொண்டார். பதில் இன்னும் வரவில்லை. அந்த அக்கா கேட்ட தைரியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். மறுநாளும் வேலைக்கு வந்தார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.


புதுக்கோட்டை வாசகன்:

வளைகாப்பு பற்றி எழுதிய சகோதரிக்கும் நர்ஸம்மாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மேடையில் சொன்னது தவறு என்றால் டீச்சர் அங்கேயே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம். பயம் என்று எல்லாவற்றையும் விட்டுவிடக் கூடாது. அந்தத் திட்டத்துக்கு யார் பெயர் வைத்திருக்கிறோம் என்று யோசியுங்கள். முத்துலட்சுமி ரெட்டி எங்கள் ஊர்க்காரர், டாக்டர், 1927இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குப் போய் அதன் துணைத் தலைவர் ஆனவர். தேவதாசி முறைக்கு எதிராக அங்கே அவர் பேசியபோது எதிர்ப்பு கொஞ்சமா? காந்தி கைதானதும் 1930இல் பதவியை விட்டார். சட்டமன்றத்தில் தான் என்ன செய்தேன் என்று தனிப் புத்தகமே எழுதினார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்ததும் அவரால்தான். மக்களுக்குக் கணக்குச் சொல்வது என்றால் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருவார். தொகுதிக்கு என்ன கிடைத்தது என்பதோடு எது கிடைக்கவில்லை, அதற்கு நான் என்ன கேட்டேன் என்பதையும் நோட்டீஸில் போட வேண்டும். ஒரு எம்எல்ஏவாவது போடட்டும், ஊர் கொண்டாடும்.

என் அனுபவம் சிறியது. என் மகள்கள் இருவருக்கும் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் தலா 25,000 வைப்புத்தொகை. எங்கள் எம்எல்ஏ அந்தப் பத்திரங்களை விழாவில் கொடுத்தபோது பெரியவளுக்கு இரண்டரை வயது. மேடைக்குத் தூக்கிப் போனேன். அவர் அவளிடம் பத்திரத்தைக் கொடுத்து, "நல்லாப் படிக்கணும், பத்தாவது எழுதினாத்தான் பணம்" என்றார். அவள் தலையை ஆட்டினாள். என் மனைவி குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டு வயிற்றுவலியோடு கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அந்தத் திட்டத்துக்கு அதுதான் நிபந்தனை, ஆண் வாரிசும் இருக்கக் கூடாது. அவளைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை வரவில்லை. நானும் அறுவை செய்துகொண்டிருக்கலாம், இருவரில் யார் செய்துகொண்டாலும் போதும் என்கிறது விதி. ஆனால் முகாமில் யாரும் என்னைக் கேட்கவே இல்லை.


மாத்திரைப் பை:

நான் மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர். 2021 ஆகஸ்டில் திட்டம் வந்தது, எங்கள் வட்டாரத்துக்கு வந்ததும் சேர்ந்தேன். நோட்டீஸில் "வீடு தேடிச் சென்று மருந்து வழங்கப்பட்டவர்கள்" என்று வருகிற எண்ணிக்கை எங்கள் கால் நடந்த கணக்குதான், அதில் எனக்குப் பெருமை உண்டு.

எங்கள் எம்எல்ஏ ஒரு தடவை என்னோடு வீடு வீடாக வந்தார். பக்கவாதத்தில் படுத்திருக்கிற ஒரு தாத்தா வீட்டில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "மாத்திரை ஒழுங்கா வருதாங்கய்யா?" என்றார். தாத்தா, "மாத்திரை வருது தம்பி, தூக்கி உக்கார வைக்கத்தான் ஆளு இல்ல. கெழவிக்கு முடியல" என்றார். எம்எல்ஏ எழுந்து அவரே தோளில் கை கொடுத்துத் தூக்கினார். பழக்கம் இல்லாததால் தாத்தாவுக்கு வலித்துவிட்டது. பிசியோதெரபிஸ்ட் அக்காதான் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினார். எம்எல்ஏ அதை நின்று முழுவதும் கற்றுக்கொண்டு, இரண்டாவது முறை சரியாகத் தூக்கி உட்கார வைத்தார். படம் எடுக்க வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்.

அப்புறம் பாட்டியிடம், வாரத்தில் எத்தனை நாள் பிசியோதெரபி அக்கா வருகிறார் என்று கேட்டார். பாட்டி சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு அக்காவிடம் காரணம் கேட்டார். ஒரு வட்டாரம் முழுவதற்கும் நான் ஒருத்திதான் சார் என்றார் அக்கா. அதை எழுதிக்கொண்டு போனார். இன்னொரு ஆள் போட்டிருக்கிறார்களா என்று கேட்பீர்கள், இதுவரை இல்லை. திங்கட்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாந்தரக் கூட்டம், நான் மறுபடி கேட்கப் போகிறேன்.