டீம் லீட் ஆன பிறகும் கோடு எழுதலாமா?

இளவேனில்
ஏழு பேர் உள்ள மென்பொருள் டீம். அதில் சீனியராக இருந்தவரையே லீட் ஆக்குகிறார்கள். மற்ற ஆறு பேரும் இனி அவருக்கு ரிப்போர்ட் செய்வார்கள். "பாதி நேரம் கோடு, பாதி நேரம் டீம்" என்று மேலிடம் சொல்வது பல இடங்களில் வழக்கம். முதல் மூன்று மாதத்துக்கு இது ஓடுமா? ஓடாது என்றால் எவ்வளவு, எந்த மாதிரி வேலை? பொதுவான அறிவுரை வேண்டாம், கணக்கோடு சொல்லுங்கள்.

மருதன்
ஓடாது. போட்டுப் பார்த்துவிடலாம்.

வாரம் 40 மணி நேரம். ஆறு பேருக்கும் வாரம் அரை மணி ஒன்-ஆன்-ஒன் (ஒருவரோடு மட்டும் தனியாகப் பேசுவது), 3 மணி. பேசும் முன் பழைய குறிப்பைப் பார்க்கவும் பேசியதை எழுதி வைக்கவும் ஆளுக்குக் கால் மணி, 1.5. தினசரி ஸ்டாண்டப், அதாவது யார் என்ன செய்கிறார்கள் என்று டீமே கூடிச் சொல்வது, 15 நிமிடம் வீதம் 1.25. ஸ்பிரின்ட் (இரண்டு வாரம் போன்ற ஒரு வேலைச் சுற்று) திட்டம், ரெட்ரோ (முடிந்த சுற்றை அலசுவது), பேக்லாக் (பாக்கி வேலைப் பட்டியல்) எல்லாம் சேர்த்து வாரச் சராசரி 2.5. மேனேஜரோடும் மற்ற டீம்களோடும் 4. மற்றவர் எழுதிய கோடையும் டிசைனையும் பார்த்துக் கருத்துச் சொல்லும் ரிவ்யூக்கள் 5. "ஒரு நிமிஷம் பேசலாமா" என்று வருபவை 5. ஆக 22.25 மணி.

மிச்சம் 17.75 இருக்கிறதே, பாதிக்குப் பக்கமாக வந்துவிட்டதே என்று தோன்றும். அந்த நேரம் ஒரே துண்டாகக் கிடைக்காது. இரண்டு மீட்டிங்குக்கு நடுவே 40 நிமிடம், சாப்பாட்டுக்கு முன்னால் 25 நிமிடம் என்று சிதறிக் கிடக்கும். ஒரு சிக்கலான மாட்யூலை மண்டைக்குள் ஏற்றவே அரை மணி நேரம் பிடிக்கும். ஏற்றி முடிக்கும்போது அடுத்த மீட்டிங் வந்து நிற்கும்.

புது லீட் செய்கிற முதல் தவறும் இங்கேதான். டீமிலேயே கடினமான டிக்கெட்டை (பதிவு செய்து ஒருவருக்கு ஒதுக்கும் வேலையை) தானே எடுத்துக்கொள்வார். "நான் செஞ்சா மூணு நாள், அவங்க செஞ்சா ஆறு நாள்" என்று கணக்கு. அந்த மூன்று நாள் பழைய நாள். இப்போது அதுவே எட்டு, ஒன்பது நாள் இழுக்கும். அதை நம்பி மற்ற இரண்டு பேர் கை கட்டிக்கொண்டு இருப்பார்கள். "எப்ப முடியும்" என்று லீடிடம் கேட்கத் தயங்குவார்கள். ஸ்டாண்டப்பில் எல்லோரையும் கேட்கிற ஆளை யார் கேட்பது?

முதல் மூன்று மாதம் கோடு பூஜ்யம். இதுதான் என் பதில்.

செங்கதிர்
மருதன் சார், கணக்கு சரி. முடிவு தப்பு. கடினமான டிக்கெட்டை எடுக்கக் கூடாது என்பதற்கும் எந்த டிக்கெட்டையும் எடுக்கக் கூடாது என்பதற்கும் நிறைய தூரம்.

எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரே கேள்வி போதும்: இது ஒரு வாரம் தள்ளிப்போனால் யாராவது காத்திருப்பார்களா? காத்திருப்பார்கள் என்றால் லீட் தொடக் கூடாது. இல்லை என்றால் தாராளமாகச் செய்யலாம். சில சமயம் பாஸ் ஆகி சில சமயம் ஃபெயில் ஆகிற டெஸ்ட்டைச் சரிசெய்வது, ஒன்றும் புரியாத எரர் மெசேஜைப் புரிகிற மாதிரி மாற்றுவது, பில்டு (கோடை ஓடுகிற மென்பொருளாக மாற்றும் வேலை) ஏன் இவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்ப்பது, புது ஆளுக்கான செட்டப் குறிப்பைத் தானே ஒருமுறை ஓட்டிப் பார்த்துத் திருத்துவது, தூக்கிப் போடவே எழுதுகிற ப்ரோட்டோடைப். ஒரு நாள் வேலைக்கு மேல் எதுவும் வேண்டாம். வாரத்தில் இரண்டு தடவை, தடவைக்கு 2 மணி, கேலண்டரில் முன்கூட்டியே பூட்டி வைத்த நேரத்தில்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், கோடு பக்கமே போகாத லீட் எஸ்டிமேட்டை எடைபோடும் கணக்கை இழந்துவிடுவார். "இது அஞ்சு நாள் ஆகும்" என்று ஒருவர் சொன்னால், அந்த ஐந்து நாளில் இரண்டு நாள் டெஸ்ட் டேட்டா தயாரிக்கவே போகிறது என்பது தெரிந்தால்தான் அதற்கு ஏதாவது செய்ய முடியும். தெரியாதவர் ஒன்று நம்புவார், இல்லை பேரம் பேசுவார். இரண்டும் டீமுக்கு நல்லதில்லை.

மருதன்
கூகுள் தன் மேனேஜர்களைப் பற்றி நடத்திய ப்ராஜெக்ட் ஆக்சிஜன் ஆய்வு 2011-ல் வெளியே தெரிய வந்தது. நல்ல மேனேஜரின் எட்டுப் பழக்கங்களை வரிசைப்படுத்தியதில் தொழில்நுட்பத் திறமைக்கு எட்டாவது இடம். பொறியாளர்கள் நிறைந்த கம்பெனியிலேயே அதுதான் நிலை. நல்ல வழிகாட்டியாக இருப்பது முதலிடம்.

செங்கதிர்
கடைசி இடம்தான், ஆனால் பட்டியலுக்குள் இருக்கிறது. எத்தனையோ குணங்களை விட்டுவிட்டு எட்டுக்குள் அதைச் சேர்த்திருக்கிறார்கள் அல்லவா?

மருதன்
சேர்த்தது எதற்கென்று அதே வரியில் இருக்கிறது: டீமுக்கு ஆலோசனை சொல்லும் அளவுக்கு. ஆலோசனை சொல்ல கோடு வாசிக்கத் தெரிந்தால் போதும். தினமும் வாசிக்கட்டும், நான் தடுக்கவில்லை.

கயல்
நீங்கள் இரண்டு பேரும் மணிக்கணக்கிலேயே நிற்கிறீர்கள். லீடால் டீமுக்கு வருகிற சேதம் அவர் எழுதுகிற கோடில் கொஞ்சம், அவர் செய்கிற ரிவ்யூவில்தான் நிறைய.

வழக்கமாக நடப்பது இது. ஜூனியர் ஒருவர் 300 வரி பிஆர் (தன் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை, புல் ரிக்வெஸ்ட்) போடுகிறார். லீட் முதல் ஆளாக வந்து முப்பது கமென்ட் போடுகிறார், அதில் இருபத்தைந்து பெயர் வைப்பதைப் பற்றி. லீட் பேசிவிட்டார் என்று மற்றவர்கள் பார்க்காமலே போகிறார்கள். அடுத்த வாரம் லீட் மீட்டிங்கில் மாட்டிக்கொள்ள, நாலு பிஆர் இரண்டு நாளாக அப்படியே கிடக்கிறது. சில லீடுகள் பொறுமை இழந்து எழுதியவரின் பிராஞ்சிலேயே (அவர் வேலை செய்கிற தனிப் பிரதியிலேயே) தன் மாற்றத்தைத் தள்ளிவிடுவார்கள். அப்படி இரண்டு முறை நடந்தால் போதும். எழுதியவர் மூன்றாவது முறை யோசிக்க மாட்டார். எப்படியும் மாற்றப் போகிறார்கள் என்று அரைகுறையாகப் போடுவார்.

என்ன செய்யலாம்: மெர்ஜ் செய்ய, அதாவது மாற்றத்தைப் பொதுக் கோடில் சேர்க்க, லீடின் ஒப்புதல் கட்டாயம் என்ற செட்டிங்கை முதல் வாரமே எடுத்துவிடுங்கள். டீமில் யாராவது இரண்டு பேர் பார்த்தால் போதும். லீட் கடைசியாகப் பார்க்கட்டும். ஸ்பேஸ், பெயர், ஃபார்மேட் சமாச்சாரம் முழுக்க, கோடைத் தானாகவே சரிபார்க்கிற லின்டர் கருவிக்குப் போகட்டும். மீதிக் கமென்ட் ஒவ்வொன்றின் முன்னாலும் கட்டாயம், யோசனை, கேள்வி என்று மூன்றில் ஒன்று இருக்கட்டும். தரவு அழியும், பாதுகாப்பு ஓட்டை, தப்பான விடை வரும் என்றால்தான் கட்டாயம்.

கமென்ட்டின் வார்த்தையும் முக்கியம். "லூப் வேண்டாம், மொத்தமா எடுங்க" என்று எழுதினால் அவர் மாற்றிவிடுவார், ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டார். அதையே இப்படி எழுதலாம்: "கேள்வி: இந்த லூப் ஒவ்வொரு ஆர்டருக்கும் டேட்டாபேஸை ஒரு தடவை கூப்பிடுது. 10,000 ஆர்டர் இருக்கிற கஸ்டமருக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு ஓட்டிப் பார்த்தீங்களா?" அவரே ஓட்டிப் பார்ப்பார், அவரே மாற்றுவார். அடுத்த பிஆரில் இந்தத் தப்பு வராது.

மருதன்
லின்டர், செட்டிங் இரண்டுக்கும் சரி. "யோசனை" என்ற முத்திரையில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை, கயல். அப்ரைசல் எழுதுகிற ஆள் "யோசனை" என்று போட்டாலும் எதிரே இருப்பவர் உத்தரவு என்றுதான் படிப்பார். லீட் யோசனை எழுதவே வேண்டாம். கட்டாயமும் கேள்வியும் போதும்.

கயல்
ஏற்கிறேன், மருதன். முதல் மூன்று மாதத்துக்கு இரண்டு முத்திரையே இருக்கட்டும்.

ஆதிரை
மணிக்கணக்குக்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கு. பதவியை ஏற்கிறதுக்கு முன்னாடி மேனேஜர்கிட்ட எழுத்துல வாங்க வேண்டிய பதில்கள். ஆறு பேரோட அப்ரைசலை எழுதுறது யாரு, லீடா மேனேஜரா? லீவுக்கு யார் ஓகே சொல்லணும்? புது ஆள் எடுக்கும்போது லீட் "வேண்டாம்"னா அது நிற்குமா? "இந்தத் தேதிக்குள்ள முடியாது"ன்னு வெளியில சொல்ற உரிமை அவருக்கு இருக்கா? கடைசியா, லீடோட சொந்த அப்ரைசல்ல எதை எண்ணப் போறாங்க?

அந்தக் கடைசிக் கேள்விதான் இங்க நடக்கிற வாதத்துக்கே அடி. அவர் முடிச்ச டிக்கெட்டை எண்ணினாங்கன்னா, நீங்க என்ன சொன்னாலும் அவர் கோடுதான் எழுதுவார். எழுதித்தான் ஆகணும்.

இன்னொன்றும் கவனிங்க. லீட் ஆன அன்னிக்கே ஸ்பிரின்ட் கொள்ளளவுல அவரைப் பூஜ்யமாப் போடணும். ரெண்டு வார ஸ்பிரின்ட், 10 வேலை நாள், ஆளுக்கு உருப்படியா 7 நாள்னு வைங்க. முன்னாடி ஏழு பேர், 49 நாள். இப்ப 42. யாரும் இதைக் குறைக்க மாட்டாங்க, பழைய 49-க்கே வேலை எடுப்பாங்க. அந்த 7 நாள் எங்கிருந்து வரும்? லீடோட ராத்திரிகள்ல இருந்து வரும். பூஜ்யம்னு போட்டுட்டா அவர் செய்யுறது எல்லாம் உபரி. அதுக்கப்புறம் செங்கதிர் சொல்ற 4 மணி நேரத்தால யாருக்கும் பாதகமில்லை.

செங்கதிர்
ஆதிரை மேடம், இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கொள்ளளவில் பூஜ்யம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இளவேனில்
ஒரு சந்தேகம். லீட் ஆனவருக்கு மட்டுமே தெரிந்த மாட்யூல் ஒன்று இருக்கிறது, பேமென்ட் பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கைமாற்றாமல் பூஜ்யம் எப்படிச் சாத்தியம்?

செங்கதிர்
அதனால்தான் முதல் மாதமே பூஜ்யம் என்பதை நான் எதிர்க்கிறேன். கைமாற்ற ஆறு வாரமாவது வேண்டும்.

ஒருவரிடம் கொடுக்காமல் இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போனால் மறுபடியும் முதலில் இருந்து வர வேண்டியிருக்கும். முதல் இரண்டு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து, ஆனால் கீபோர்டு கற்பவர் கையில். லீட் டைப் செய்ய ஆரம்பித்தால் அன்றைய பாடம் போச்சு. அடுத்த இரண்டு வாரம் அவர்களே டிக்கெட் எடுக்க, லீட் ரிவ்யூ மட்டும். ஐந்தாவது, ஆறாவது வாரம் ரிவ்யூவையும் அந்த இருவரே ஒருவருக்கொருவர் செய்யட்டும். சோதனை: லீட் மூன்று நாள் லீவில் போய், போனையும் எடுக்காமல் இருக்கட்டும். யாராவது வேறு வழியில்லாமல் அழைத்தால், எதைக் கேட்க அழைத்தார்கள் என்பதே அடுத்து எழுத வேண்டிய குறிப்பு.

கயல்
இதில் வழக்கமாகச் சறுக்குகிற இடம் வேலையை ஒப்படைக்கிற வாக்கியம். "பேமென்ட் ரீட்ரை பகுதியை நீங்க பாத்துக்கோங்க" (ஃபெயில் ஆன பேமென்ட்டை மறுபடி முயல்கிற பகுதி) என்றால் எதிராளிக்கு எல்லை தெரியாது. ஒன்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பார், இல்லை இரண்டு வாரம் கழித்து வேறு எதையோ கொண்டுவருவார்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பேமென்ட் ஃபெயில் ஆனா மூணு தடவைக்கு மேல முயற்சி பண்ணக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் ஒரே பணம் ரெண்டு தடவை பிடிபடக் கூடாது. எப்படிச் செய்யணும்ங்கிறது உங்க முடிவு. டேபிள் அமைப்பை மாத்தணும்னா மட்டும் முன்னாடியே சொல்லுங்க. புதன்கிழமை பாதி டிசைனோட வாங்க, இருபது நிமிஷம் பேசலாம்." முடிவு என்ன, எல்லை எது, எப்போது எட்டிப் பார்ப்பேன். மூன்றும் வந்துவிட்டது. புதன்கிழமைக்கு முன்னால் லீட் எட்டிப் பார்க்கக் கூடாது, அதுவும் ஒப்பந்தம்தான்.

வேகமான ஆளுக்கே எல்லாம் போய்ச் சேருகிறதா என்றும் மாதம் ஒருமுறை பாருங்கள். போகும். நாலாவது மாதம் அவர்தான் ராஜினாமா கொடுப்பார்.

மருதன்
கைமாற்றும் வேலையை நான் கோடு எழுதுவதாகவே எண்ணவில்லை, செங்கதிர். கீபோர்டு மற்றவர் கையில் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதனால் என் பூஜ்யம் முதல் மாதத்துக்கு அப்படியே நிற்கிறது. அந்த மாதம் ஆறு பேரிடமும் தலா ஒரு மணி நேரம் பேச வேண்டும்: எது வேலையை மெதுவாக்குகிறது, எதை மாற்றக் கூடாது, எந்த வேலையைக் கற்க ஆசை. அதே பதவியை எதிர்பார்த்து ஏமாந்தவர் டீமில் இருந்தால் அவரிடம் முதல் இரண்டு நாளுக்குள் பேச வேண்டும். "நீங்களும் இதை எதிர்பார்த்தீங்கன்னு தெரியும். அடுத்த ஆறு மாசத்துல உங்களுக்கு எந்தப் பொறுப்பு வேணும்?" என்று நேராகக் கேட்பது நல்லது. தெரியாத மாதிரி நடந்துகொண்டால் ஒவ்வொரு டிசைன் மீட்டிங்கிலும் அது வேறு உருவத்தில் வரும். இரண்டாம் மாதம் முதல் உங்கள் 4 மணி நேரத்துக்கு நான் குறுக்கே நிற்கவில்லை.

செங்கதிர்
நான் முதல் வாரத்தில் இருந்தே என்கிறேன். ஸ்டாண்டப்பில் கேட்பதைவிட ஒரு சின்னப் பிழையைத் தானே திருத்தி, வாடிக்கையாளர் பயன்படுத்துகிற ப்ரொடக்‌ஷன் வரை கொண்டுபோய்ப் பார்த்தால்தான் எங்கே நேரம் வீணாகிறது என்று தெரியும். ஆன்-கால் சுற்றிலும் (கோளாறு வந்தால் உடனே கவனிக்க முறை வைத்துப் பொறுப்பேற்பது) லீடின் பெயர் இருக்க வேண்டும். எந்த அலர்ட் வெறும் சத்தம் என்பது அங்கே தெரியும்.

ஆதிரை
ஆன்-கால்ல பேர் இருக்கட்டும், ஆனா பகல் ஷிஃப்ட்ல மட்டும். ராத்திரி மூணு மணிக்கு எழுந்தவர் காலையில முதல்ல ரத்து பண்றது ஒன்-ஆன்-ஒன்னைத்தான். தள்ளி வைக்கலாம், அதே வாரத்துக்குள்ள. தொடர்ந்து ரெண்டு தடவை ரத்தானா, அந்த ஆள் மூணாவது தடவை "ஒண்ணும் இல்ல, எல்லாம் நல்லா போகுது"ன்னு சொல்ல ஆரம்பிச்சிடுவார்.