ஒயின் சுற்றுலாத் தொழில்: முதலில் எதைக் கற்றுக்கொள்வது?

கேள்வி:
பெண்களைச் சிறு குழுக்களாக ஒயின் தோட்டங்களுக்கு அழைத்துப்போகும் தொழில் தொடங்கப் போகிறேன். டபிள்யூ.எஸ்.இ.டி. என்ற ஒயின் படிப்பில் இரண்டாம் நிலை முடித்துவிட்டேன். சுவை பார்க்கத் தெரியும், பயணம் நடத்தத் தெரியாது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில் 1:
நானும் இதே தொழிலில் இருக்கும் பெண்தான். சட்டத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் தங்குமிடத்தையும் போக்குவரத்தையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால், 2015-ஆம் ஆண்டுப் பயணத் தொகுப்பு விதிகளின்படி நீங்கள்தான் அமைப்பாளர். ஹோட்டல் சொதப்பினாலும் பொறுப்பு உங்களுடையது. நீங்கள் நொடித்துப்போனால் வாடிக்கையாளரின் பணம் திரும்பக் கிடைக்க முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். அதனால் முதலில் உரிமம் உள்ள ஒரு பயண நிறுவனத்தோடு சேர்ந்து நடத்துங்கள். வருமானத்தில் பங்கு போகும், ஆனால் நிம்மதியாகத் தூங்கலாம்.

அப்புறம், அறுவடைக் காலம். எல்லோரும் அப்போதுதான் போக ஆசைப்படுவார்கள். வடக்கு அரைக்கோளத்தில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, தெற்கில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அப்போது ஒயின் தயாரிப்பவருக்கு உங்களோடு பேச நேரமே இருக்காது. சில வாரங்கள் முன்னதாகப் போனால் அவரே நிலவறைக்குக் கூட்டிப்போய், பீப்பாயிலிருந்து எடுத்துக் கொடுப்பார். வாடிக்கையாளர்கள் மறுபடி வருவது அதற்காகத்தான். ஒரு நாளைக்கு மூன்று தோட்டங்களுக்கு மேல் வேண்டாம், நாக்கு மரத்துவிடும். சுவைத்த ஒயினைத் துப்புவதற்குக் கிண்ணம் கேளுங்கள், அதில் வெட்கமே வேண்டாம்.

பதில் 2:
1805-இல் கணவரை இழந்து, அவருடைய ஒயின் தொழிலைக் கையில் எடுத்த பிரெஞ்சுப் பெண் பார்ப்-நிக்கோல் கிளிக்கோ. கணவர் இறந்தபோது அவருக்கு வயது 27. 1814-இல் போட்டியாளர்களை முந்திக்கொண்டு ரஷ்யாவுக்கு ஷாம்பெயின் என்ற நுரைக்கும் ஒயினை அனுப்பினார். துணிந்து இறங்குங்கள். முதல் குழுவில் எனக்கு ஓர் இடம் வையுங்கள்.