ஐசோபாரைப் பார்த்துக் காற்றைச் சொல்லி மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

கடலோடி:
நான்தான் முதலில் மாட்டியவன், ஆரம்பித்து வைக்கிறேன். சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரியாக வட அட்லாண்டிக்கில் போய்க்கொண்டிருந்தோம். வானிலை வரைபடம் ஃபேக்ஸில் வரும், நாலு ஹெக்டோபாஸ்கலுக்கு (காற்றழுத்த அலகு) ஒரு ஐசோபார், அதாவது ஒரே அழுத்தமுள்ள இடங்களை இணைக்கும் சமஅழுத்தக் கோடு. மூலையில் சின்னதாக ஓர் அளவுகோல் இருக்கும். இரண்டு கோடுகளின் இடைவெளியை டிவைடரால் எடுத்து, அந்த அளவுகோலில் நம் அட்சரேகைக்கு நேராக வைத்தால் காற்றின் வேகம் 'நாட்' (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் கிடைக்கும். கோடுகள் நெருங்க நெருங்கக் காற்று கூடும்.

கேப்டன் கேட்டார். நான் கெத்தாக "50 நாட் சார்" என்றேன். அவர் டிவைடரை வாங்கி மறுபடி வைத்துப் பார்த்தார். கப்பல் இருந்தது 55 டிகிரியில், நான் படித்தது 40 டிகிரி வரியை. சரியான வரியில் 39தான். "இதுவும் உராய்வு இல்லாத உயரத்துக் காற்று தம்பி. கடல்மட்டத்தில் முக்கால் பங்கோ, அதற்கும் குறைவோதான் வரும்" என்றார். அன்று 28ஐ ஒட்டித்தான் வீசியது.

லீவில் ஊருக்கு வந்தபோது அதே கணக்கைச் சென்னைக்குப் போட்டுப் பார்த்தேன். 200 கிலோமீட்டருக்கு ஒரே ஒரு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். சூத்திரம் மணிக்கு 45 கி.மீ. என்றது. மொட்டைமாடிக் கொடியில் வேட்டி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. சென்னை இருக்கும் 13 டிகிரியில், பூமி சுழல்வதால் காற்றைத் திருப்பும் கொரியாலிஸ் விசை அவ்வளவு பலவீனம். அழுத்தச் சரிவும் அதுவும் சமன் ஆகும் என்று நம்பிப் போடும் கணக்கு நம்ம பக்கம் எடுபடாது. திசைக்குச் சரி, வேகத்துக்கு நம்பாதீர்கள்.

ஐந்தாம்மாடி:
திசைக்குச் சரி என்பதற்கு நான் சாட்சி. அதற்கு முன் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். புது போனில் பாரோமீட்டர் இருந்தது. ஒருநாள் காலை 10 மணிக்குப் பார்த்தேன், மாலை 4 மணிக்குப் பார்த்தேன், மூன்று ஹெக்டோபாஸ்கல் இறங்கியிருந்தது. புயல் என்று வீட்டில் எல்லோரையும் கிளப்பிவிட்டேன். வெப்பமண்டலத்தில் அழுத்தம் தினமும் இப்படித்தான் இரண்டு முறை ஏறி இறங்குமாம். போதாக்குறைக்கு, காலையில் பார்த்தது கீழே பார்க்கிங்கில், மாலையில் ஐந்தாவது மாடியில். எட்டு மீட்டர் ஏறினாலே ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்துவிடும்!

அப்புறம் 2016 டிசம்பர் 12, சென்னையைத் தாக்கிய வர்தா புயல். அன்று காட்டிய இறக்கம் தினசரி ஆட்டம் இல்லை, மணிக்கு மணி இறங்கிக்கொண்டே போனது. காற்று வடக்கிலிருந்து. டச்சு விஞ்ஞானி பைஸ் பாலட் 1857இல் சொன்ன விதிதான்: காற்றுக்கு முதுகைக் காட்டி நில், தாழ்வழுத்தம் இடக்கைப் பக்கம். ஹாலில் தெற்கு பார்த்து நின்றேன், இடக்கை கடலைக் காட்டியது. பிற்பகலில் திடீரென்று காற்று அடங்கியது. பக்கத்து வீட்டு அண்ணா முடிந்தது என்று பைக்கைப் பார்க்கக் கிளம்பினார், கையைப் பிடித்து நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து அடித்தது பாருங்கள்! இப்போது வடக்கு பார்த்து நின்றால் இடக்கை மேற்கே போரூர்ப் பக்கம். தலைக்கு மேல் புயலின் கண், அதாவது காற்றடங்கிய மையம், கடந்துபோயிருந்தது.

கடலோடி:
அருமை. புயல் வேகத்துக்கு நம்ம ஊரில் வேறு கணக்கு உண்டு. சுற்றுப்புறத்தைவிட மையத்தில் அழுத்தம் எத்தனை ஹெக்டோபாஸ்கல் குறைவோ அதன் வர்க்கமூலத்தை 14.2ஆல் பெருக்குவது. 25 குறைந்தால் 5 × 14.2, அதாவது 71 நாட், மணிக்குச் சுமார் 130 கி.மீ. அட்சரேகை வம்பே இல்லை.

பெர்த்வாசி:
இடக்கை விதியை நம்பி இங்கே ஆஸ்திரேலியாவில் மகளிடம் அசிங்கப்பட்டேன். குளிர்காலம், வடமேற்குக் காற்று, மழை வரும் அறிகுறி. முதுகைக் காட்டி நின்று இடக்கையை நீட்டினேன். "அப்பா, அந்தப் பக்கம் பாலைவனம்" என்றாள். தென்கோளத்தில் வலக்கையை நீட்ட வேண்டும். மழை தென்மேற்கிலிருந்து வந்து இரண்டு பேரையும் நனைத்தது.