கிரீன் கார்ட் லொத்தர் விழுந்ததாம், கடைக்காரர் நம்பர் தரமாட்டேன் என்கிறார்

கேட்டவர்: சுன்னாகத்தான்

வணக்கம். போன ஒக்டோபரில், அதாவது 2024இல், அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேற விசா தருகிற கிரீன் கார்ட் லொத்தருக்குப் போட்டேன். ரவுணில் ஒரு கடையில் கொடுத்துத்தான் நிரப்பினேன். துண்டு ஒன்றும் தரவில்லை, ஈமெயிலும் தங்களுடையதையே போட்டுவிட்டார்கள். இந்தக் கிழமை கடைக்காரர் கூப்பிட்டு, "தம்பி, உமக்கு விழுந்திட்டுது" என்றார். போனில் கடிதத்தையும் காட்டினார். என் பெயர் தெரிந்தது. கேஸ் நம்பர் இருக்கிற இடத்தைப் பெருவிரலால் மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். 5 லட்சம் கொடுத்தால் நம்பர் தருவாராம், மிச்ச வேலையையும் தானே பார்ப்பாராம்.

வீட்டில் நகையை அடகு வைக்கலாம் என்கிறார்கள். கொடுக்கலாமா? கல்யாணம் 2023இல். மகன் இந்த பெப்ரவரியில்தான் பிறந்தான், அவன் பெயர் விண்ணப்பத்தில் இல்லை. அதனால் ஏதும் சிக்கல் வருமா?

பதில்: தென்றல்77

5 லட்சத்துக்கு அமெரிக்கா என்றால் மலிவு. ஏஜென்சிக்கு இதைவிடப் பல மடங்கு கொடுத்து நடுக்கடலில் நின்றவர்கள் இருக்கிறார்கள். பேரம் பேசிக் குறைத்து, வாங்கிக்கொண்டு போங்கள்.

பதில்: பருத்தித்துறை அண்ணன்

தம்பி, அவசரப்பட்டு நகையில் கை வைக்காதீர். நான் இதே லொத்தரில் வந்தவன்தான், இப்போது நியூ ஜெர்சியில் இருக்கிறேன்.

விழுந்தது என்றால் விசா கிடைத்தது என்று அர்த்தமில்லை. வருடத்துக்கு 55,000 விசாவுக்கு மேல் இல்லை. ஆனால் குடும்பத்தினரோடு சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தெரிவுசெய்கிறார்கள், இடையில் பலர் கழிந்துபோவார்கள் என்ற கணக்கில். 2024இல் போட்டது 2026ஆம் வருட விசாவுக்கு, அதனால் உம்முடைய கேஸ் நம்பர் 2026AS என்று தொடங்கும், ஏஎஸ் என்றால் ஆசியா. அதற்குப் பின்னால் வருகிற எண் சின்னதென்றால் முறை சீக்கிரம் வரும். பெரியதென்றால் 2026 செப்டம்பர் 30க்குள் வராமலே போகலாம். அந்தத் தேதியோடு எல்லாம் முடிந்தது, அடுத்த வருடத்துக்கு நீட்டமாட்டார்கள். அவர் பெருவிரலால் மறைத்தாரே, அந்த எண்ணைப் பார்க்காமல் எதற்கு விலை பேசுவது?

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. விண்ணப்பம் போடும்போதே உமக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவியின் பெயர் அதில் இல்லையென்றால் நேர்முகத்தில் நிராகரித்துவிடுவார்கள். மனைவி கூட வரப்போவதில்லை என்றாலும் போட்டிருக்க வேண்டும். அவசரத்தில் 'தனியாள்' என்று தட்டிவிடுகிற கடைகள் இருக்கின்றன. யாரோ ஒரு பெண்ணை மனைவியாகச் சேர்த்துவிட்டு, பிறகு அந்த வீட்டாரிடமும் காசு வாங்குகிற ஆட்களும் இருக்கிறார்கள். உம்முடைய ஆள் எந்த ரகம் என்று முதலில் பாரும். ஒரு வழி இருக்கிறது: மனைவிக்குத் தனிப் படம் ஏற்றாமல் அவர் பெயரைச் சேர்க்க முடியாது. அன்றைக்கு மனைவியையும் கடைக்குக் கூட்டிப்போனீரா, படம் எடுத்தார்களா?

மகனைப் பற்றிக் கவலை வேண்டாம். விண்ணப்பத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளையை, விழுந்த பிறகு நிரப்புகிற டிஎஸ்-260 என்ற விசாப் படிவத்தில் சேர்க்கலாம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை இப்போதே எடுத்து வையும்.

பார்க்கிற வழி இது. விண்ணப்பம் போட்டபோது வந்த கன்போமேஷன் நம்பர் (கேஸ் நம்பர் வேறு), கடைசிப் பெயர், பிறந்த வருடம் மூன்றும் இருந்தால் அமெரிக்க அரசின் தளத்தில் அந்தக் கடிதத்தையும் கேஸ் நம்பரையும் நீரே பார்க்கலாம். நம்பர் இல்லையென்றால் அதே தளத்தில் 'மறந்துவிட்டேன்' என்ற பகுதி இருக்கிறது: பெயர், பிறந்த தேதி, பதிந்த ஈமெயில் கொடுத்தால் நம்பர் வரும். ஆக, உமக்கு வேண்டியது அந்தக் கடையின் ஈமெயில் முகவரி மட்டும்தான். அது அவர்கள் பில்லிலோ பெயர்ப்பலகையிலோ இருக்கும். நம் ஆட்களின் பெயரில் எதைக் கடைசிப் பெயராகப் போட்டார்களோ தெரியாது. அப்பாவின் பெயரை ஒரு தரம், உம்முடைய பெயரை ஒரு தரம் மாற்றிப் போட்டுப் பாரும்.

காசு விஷயம்: விசாக் கட்டணம் ஆளுக்கு 330 டொலர். அதை நேர்முகத்தின்போது கொழும்புத் தூதரகத்தில் கட்டுவீர். அதற்கு முன் யாருக்கும் அனுப்பத் தேவையில்லை. மருத்துவப் பரிசோதனைக்குத் தனிச் செலவு. டிஎஸ்-260ஐ நீரே நிரப்பும், உம்முடைய ஈமெயிலைப் போடும். "மிச்ச வேலையும் நானே" என்றால் அடுத்த தவணையும் கேட்பார் என்று வைத்துக்கொள்ளும்.

பதில்: அண்ணாநகர்வாசி

இடையில் ஒரு சந்தேகம். நான் சென்னையில் பிறந்தவன். இந்தியர்களுக்கு இது கிடையாதுதானே? என் மனைவி திருகோணமலையில் பிறந்தவர், இப்போது இந்தியக் குடியுரிமை.

பதில்: பருத்தித்துறை அண்ணன்

கடந்த ஐந்து வருடத்தில் 50,000 பேருக்கு மேல் அமெரிக்காவுக்குக் குடியேறிய நாடுகளை விட்டுவிடுகிறார்கள், இந்தியா அதனால்தான் இல்லை. ஆனால் பார்ப்பது குடியுரிமையை அல்ல, பிறந்த நாட்டை. மனைவி தாராளமாகப் போடலாம். மனைவி பிறந்த நாட்டை வைத்து நீங்களும் தனியாக ஒன்று போடலாம். அப்படி விழுந்தால் இருவரும் விசா எடுத்து ஒன்றாகத்தான் உள்ளே போக வேண்டும். பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பு முடித்திருக்கிறீர்கள் அல்லவா? சரி, ஆளுக்கு ஒன்றுதான், இரண்டு தரம் போட்டால் இரண்டும் போச்சு.

பதில்: சுன்னாகத்தான்

அண்ணா, மனைவியிடம் கேட்டேன். அவரையும் வெள்ளைத் துணிக்கு முன்னால் தனியாக நிற்கவைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி எடுத்தார்களாம். கடையின் ஈமெயில் பழைய போட்டோக்கொப்பி பில் ஒன்றில் இருந்தது. மாமாவின் பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டிருப்பார்களோ என்றும் ஒரு பயம், அவர்தான் கூட வந்தவர்.

பதில்: பருத்தித்துறை அண்ணன்

கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள் என்றால் விதி தெரிந்த ஆள்தான், மனைவி உள்ளே இருக்க இடமுண்டு. மாமாவின் பெயரையும் ஒரு தரம் போட்டுப் பாரும். கேஸ் நம்பர் தெரிந்ததும் எனக்குத் தனியாக எழுதும், இங்கே போடாதீர். கடைக்காரர் கூப்பிட்டால் "யோசிக்கிறேன்" என்று மட்டும் சொல்லும்.