அலைன்மென்ட் செய்த பின்பும் பிக்கப்பின் முன் டயர்கள் உள்விளிம்பில் தேய்வது ஏன்?

காய்கறி வண்டி (கேள்வி):
ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் பிக்கப் ஒன்றை வைத்திருக்கிறேன். முன்புறம் இரட்டை விஷ்போன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் இரு ஆர்ம்கள் தாங்கும் அமைப்பு), காயில் ஸ்பிரிங். ஐந்து மாதங்களில் இரண்டு முறை கம்ப்யூட்டர் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களை அளந்து சரிசெய்தல்) செய்தும், முன் டயர்கள் இரண்டும் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்து நூல் தெரியும் நிலைக்கு வந்துவிட்டன. வண்டி இடப்பக்கம் சற்று இழுக்கவும் செய்கிறது. எல்லா அளவும் பச்சையில் இருப்பதாகத் தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். மூன்றாம் முறை பணம் கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பழைய பட்டறைக்காரர்:
ஐயா, அளவு எடுப்பதற்கு முன் அவர்கள் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார்களா? ஆட்டமுள்ள முன்பாகங்களின் மேல் வைத்த அளவு, வண்டி முதல் பள்ளத்தில் இறங்கும்வரைதான் நிற்கும். உங்கள் வண்டியில் ஸ்பிரிங் லோயர் ஆர்மின் (கீழ்ப்பக்கத் தாங்கு கை) மேல் உட்கார்ந்திருந்தால், ஜாக்கியைச் சேஸிஸுக்கு அல்ல, அந்த ஆர்முக்கே கொடுத்துத் தூக்குங்கள். அப்போதுதான் கீழ் பால் ஜாயின்டின் (ஆர்மையும் சக்கரப் பகுதியையும் இணைக்கும் உருண்டை மூட்டு) மீதுள்ள பாரம் விலகி ஆட்டம் வெளிப்படும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் பெரும்பாலும் பால் ஜாயின்ட். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் டை ராடு எண்டின் (ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் தண்டின் முனை மூட்டு) நிலை தெரியும். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அளவுகோல்:
தேய்மானத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பம்போலவும் இருந்தால் டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) தவறு. அப்படியின்றி உள்பக்கம் மட்டும் சரிந்திருந்தால் கேம்பரைச் (முன்னிருந்து பார்க்கையில் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) சந்தேகியுங்கள். ஒரு சக்கரம் நேர்திசையிலிருந்து 1 டிகிரி விலகியிருந்தாலே, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 17 மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் உரசுகிறது. ஸ்பிரிங் தொய்ந்து வண்டியின் முன்புறம் தாழ்ந்தாலும், இவ்வகை அமைப்பில் கேம்பர் உள்நோக்கிச் சாயும். ஆகவே இருபுற உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று: காஸ்டர் (பக்கவாட்டில் பார்க்கையில் சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்), கேம்பர் இரண்டையும் சரிசெய்த பின்புதான் டோ வைக்க வேண்டும். கேம்பரைத் திருத்தத் திருப்பும் கேம் போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தால், சில இடங்களில் அதைத் தொடாமல் டோவை மட்டும் திருத்தி அனுப்பிவிடுவதுண்டு. சரிசெய்வதற்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகள் இரண்டையும் கேட்டு வாங்கினால் அது தெரிந்துவிடும். இழுப்புக்கு டயரே காரணமாகவும் இருக்கலாம். முன் டயர்களை இடம் வலம் மாற்றிப் போடுங்கள், இழுப்பும் பக்கம் மாறினால் அலைன்மென்டைக் குறைசொல்ல வேண்டியதில்லை.

காய்கறி வண்டி:
நன்றி ஐயா. டயர்களை மாற்றிப் போட்டும் இழுப்பு இடப்பக்கமே இருந்தது. லோயர் ஆர்முக்கு ஜாக்கி கொடுத்துப் பார்த்ததில், பிரேக் மிதித்த பிறகும் இடப்பக்கச் சக்கரத்தில் ஆட்டம் மறையவில்லை. அந்தப் பக்கக் கேம் போல்டும் அசையவில்லை. பால் ஜாயின்டையும் போல்டையும் மாற்றிய பிறகே அலைன்மென்டுக்கு விடுகிறேன்.