தயிர், வாழைப்பழம் நிறுத்தினா சைனஸ் சரியாகுமா?

ஈரோட்டு அம்மா:
என் பொண்ணு காலேஜ் படிக்கிறா, ரொம்ப நாளா சைனஸ். காலைல எந்திரிச்சதும் அடுக்குத் தும்மல், குனிஞ்சா நெத்தியும் கன்னமும் கனமா வலிக்குதுங்கறா, சளி தொண்டைக்குள்ள இறங்கிட்டே இருக்கு. பெரியவங்க சொல்லி பால், தயிர், வாழைப்பழம், எலுமிச்சை எல்லாம் நிறுத்தியாச்சு, இப்ப மிளகு ரசமும் சோறும்தான், புள்ள இளைச்சிட்டே வருது. சாப்பாட்டுலயே சரி பண்ணவங்க இருக்கீங்களா?

மதுரைக்காரி:
என் வீட்டுக்காரருக்கும் இதேதான்க்கா. ராத்திரி தயிர், ஐஸ் வாட்டர் நிறுத்தினதுல கொஞ்சம் தேவலாம்னு சொல்றாரு. தூதுவளை துவையல் அரைச்சு சூடா சோத்துல பிசைஞ்சு குடுங்க, தொண்டைக்கு இதமா இருக்கும்.

வார்டு சிஸ்டர்:
அக்கா, நான் ஈஎன்டி வார்டுல நர்ஸ். மிளகு ரசம் குடிச்சா மூக்கு ஒழுகி அப்போதைக்கு லேசாகும், ஆனா உள்ள இருக்கற வீக்கம் அப்படியேதான் இருக்கும். பால் சளிய கூட்டாது, எச்சிலோட கலந்து கொழகொழன்னு ஆகறதால சளி மாதிரி தெரியுது, அவ்ளோதான். வளர்ற புள்ளைக்கு தயிரையும் பழத்தையும் நிறுத்தாதீங்க ப்ளீஸ். காலைத் தும்மலுக்குப் பாதி நேரம் மெத்தை, தலையணைல இருக்கற தூசிப்பூச்சிதான் காரணம், உறைய வாரம் ஒருதரம் கொதிக்கற தண்ணில துவைங்க. 12 வாரத்துக்கு மேல இருந்தா நாள்பட்ட சைனஸ்னு சொல்வாங்க, எண்டோஸ்கோப்பி (கேமரா வச்ச மெல்லிசுக் குழாய மூக்குல விட்டுப் பாக்கறது) பண்ணி மூக்குல சதை வளர்ந்திருக்கான்னு பாக்கணும். ஒரே பக்கம் மட்டும் கெட்ட வாடையோட சளி வந்தா மேல் கடவாய்ப்பல்லையும் காட்டுங்க, பல்லு வேர்ல சீழ் இருந்தா எந்தப் பத்தியத்துக்கும் கேக்காது.

ஈரோட்டு அம்மா:
டாக்டர் ஸ்ப்ரே குடுத்தாரும்மா, அடிச்சா ரத்தம் வருதுன்னு விட்டுட்டா. உப்புத் தண்ணில மூக்கு கழுவலாமா?

வார்டு சிஸ்டர்:
தாராளமா. கால் லிட்டர் தண்ணிக்கு அரை டீஸ்பூன் அயோடின் இல்லாத உப்பு, ஒரு சிட்டிகை ஆப்பசோடா. தண்ணி கண்டிப்பா கொதிக்க வச்சு ஆறினதா இருக்கணும், குழாய்த் தண்ணி கூடவே கூடாது, கேரளாவுல 2024, 2025ல உயிரெடுத்த அந்த மூளைய தின்னும் அமீபா மூக்கு வழியாத்தான் ஏறுது. கழுவிட்டு அப்புறம் ஸ்ப்ரே. வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை, அப்பத்தான் மருந்து காதுப் பக்கமா போகும், ரெண்டு மூக்குத் துவாரத்துக்கும் நடுவுல இருக்கற தண்டுல அடிச்சாத்தான் ரத்தம் வரும். பலன் தெரிய ரெண்டு மூணு வாரம் ஆகும், அதுக்குள்ள நிறுத்த விடாதீங்க. அப்படி அடிச்சும் ரத்தம் வந்தா டாக்டர்ட்ட சொல்லிடுங்க.